கல்லடிக்குச் சைக்கிளில் போகப் பாதுகாப்பான வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. என் மகள் ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு சைக்கிளில்தான் ரியூசன் போகிறாள். கல்லடிப் பழைய பாலத்தில் ஏறிவிட்டால் எனக்குப் பயமில்லை. 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு பஸ், லொறி எல்லாம் அதால்தான் போகின்றன. பாலம் வரைக்கும் உள்ள ஏ4 பிரதான வீதிதான் பிரச்சினை.

போன கிழமை வான் ஒன்று அவளுடைய முழங்கையை உரசுமாப்போல் முந்தியிருக்கிறது. ஒதுங்கப் போய், முன்சில்லு தார் விளிம்பை விட்டு மணலுக்குள் இறங்கி விழுந்துவிட்டாள். முழங்காலெல்லாம் சிராய்ப்பு, பெடலும் வளைந்துபோச்சு. வான் நிற்கவே இல்லை. பிள்ளை இன்னும் ஹோர்ன் சத்தம் கேட்டாலே நடுங்குகிறாள்.

காத்தான்குடியைத் தாண்ட, கடற்கரைப் பக்கமாக சைக்கிள் ஓடக்கூடிய உள்வீதி இருக்கா? வகுப்பு முடிய இருட்டிவிடும், அந்த நேரம் பெண்பிள்ளை தனியே வரலாமா? அப்புறம், பின்னுக்குப் பூட்டும் நல்ல சிவப்பு லைட் டவுனில் எங்கே வாங்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.