இன்றைய வீடியோ கேம்களைப் பிள்ளைகளால் ஏன் நிறுத்த முடிவதில்லை?

பாலையூற்றுத் தந்தை:

என் மகனுக்குப் பதினைந்து வயது. அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற இருக்கிறான். பலர் ஒரு தீவில் இறங்கி, கடைசிவரை எஞ்சுபவர் வெல்லும் வகையான ஒரு விளையாட்டைக் கைப்பேசியில் விளையாடுகிறான். சென்ற வெள்ளிக்கிழமை மாலை குடும்பமாக டச்சுக் குடாக் கடற்கரைக்குப் போயிருந்தோம். தங்கை அலையில் கால் நனைத்துக்கொண்டிருக்க, இவன் மதிலில் அமர்ந்து, தன் டேட்டா தீர்ந்துவிட்டதாகவும் என் தொலைபேசியில் ஹொட்ஸ்பொட் போட்டுத் தரும்படியும் கெஞ்சினான். ஏன் இந்த அவசரம் என்று கேட்டதற்கு, "இன்றைக்கு உள்ளே போகாவிட்டால் இருபத்தொரு நாளும் வீணாகிவிடும், அப்பா" என்றான். அவன் முகத்தில் விளையாடப்போகும் மகிழ்ச்சி இல்லை. அடகு மீட்கும் கடைசி நாளில் வங்கி வாசலில் நிற்பவரின் பதற்றமே இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நானும் விளையாடாதவன் அல்லன். தொண்ணூறுகளில் சவுதியிலிருந்து மாமா கொண்டுவந்த கையடக்கக் கருவியில், கட்டைகளை அடுக்கும் விளையாட்டைப் பற்றரி தீரும்வரை விளையாடியிருக்கிறேன். ஆனால் சில மாதங்களில் அது அலுத்து அலுமாரிக்குள் போய்விட்டது. அதை நினைத்து நான் ஒருநாளும் பதறியதில்லை. மாறியிருப்பது பிள்ளைகளின் மனமா, விளையாட்டின் அமைப்பா? இத்துறையை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கொட்டியாரக் கரை:

ஐயா, நான் மூதூரைச் சேர்ந்தவன். கொழும்பில் மென்பொருள் பொறியியலாளராக இருக்கிறேன். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் கைப்பேசி விளையாட்டுகளை உருவாக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்தேன். மாறியிருப்பது அமைப்புத்தான், பணம் வரும் வழி மாறியதால் அமைப்பும் மாறியது.

1978இல் ஜப்பானில் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், நாணயம் போட்டு ஆடும் இயந்திரமாக இருந்தது. ஆடுபவர் விரைவில் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும் என்பதால், அது போகப்போகக் கடினமாகும்படி அமைந்திருந்தது. பிறகு விளையாட்டுகளைக் கசெற்றாகவும் இறுவட்டாகவும் விற்ற காலத்தில், நீங்கள் கடையில் காசைக் கொடுத்த அன்றே வணிகம் முடிந்துவிட்டது. அதன்பின் நீங்கள் ஆடினாலும் ஆடாவிட்டாலும் தயாரித்தவருக்கு நட்டமில்லை. உங்கள் மாமாவின் கருவியும் அப்படித்தான். அதிலிருந்த கட்டை விளையாட்டின் மூலமான தெட்ரிஸை, 1984இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னொவ் உருவாக்கினார். அதற்கும் இறுதிக் கட்டம் என்று ஒன்றில்லை. மனத்தைப் பிடித்துவைக்கும் வலிமையும் அதற்கு நிறையவே உண்டு. ஆனால், அலுமாரியில் வைத்த பின்னர் அது உங்களைக் கூப்பிடவில்லை.

2009 ஒக்ரோபரில், இலவசச் செயலிகளுக்குள்ளும் பொருள் விற்கலாம் என்று அப்பிள் நிறுவனம் அனுமதித்த பின்னர் இந்தக் கணக்குத் தலைகீழானது. விளையாட்டு இலவசம், ஆடுபவர்களில் மிகச் சிறு பகுதியினரே பணம் செலுத்துவர், யார், எப்போது செலுத்துவார் என்பது முன்கூட்டித் தெரியாது, ஆகவே எல்லோரையும் நாள்தோறும் வரவைத்தாக வேண்டும். நாங்கள் ஒவ்வொரு காலையும் முதலில் பார்த்த எண், நேற்றுப் பதிவிறக்கியவர்களில் எத்தனை பேர் இன்று திரும்பி வந்தார்கள் என்பதே. அடுத்து ஏழாம் நாள், அதற்கடுத்து முப்பதாம் நாள். எண் குறைந்தால் பயனர்களை இரு கூறாகப் பிரித்து, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டியை ஒரு கூறுக்கு இரண்டாம் ஆட்டத்திலும் மற்றதற்கு நான்காம் ஆட்டத்திலும் கொடுத்துப் பார்ப்போம். எது அதிகம் பேரைத் தக்கவைத்ததோ அது அடுத்த வாரம் எல்லோருக்கும் போகும். அங்கே எவரும் தீய எண்ணத்தோடு வேலை செய்யவில்லை. ஆனாலும், ஒரு பிள்ளை கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு எழும் இடம் எது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை அடைப்பதே எங்கள் அன்றாட வேலையாக இருந்தது. நான் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் மகன் சொன்ன இருபத்தொரு நாள், நாள்தோறும் தவறாமல் உள்ளே போனால் மட்டுமே நீளும் ஒரு தொடர், ஒரு நாள் விட்டாலும் அறுந்துவிடும். அதுவும் அப்படி அடைக்கப்பட்ட ஓர் இடமே. புதிதாக ஒன்றைப் பெறும் மகிழ்ச்சியைவிடக் கையிலிருப்பதை இழக்கும் வலி பெரிது என்பதை 1979இலேயே உளவியலாளர்களான டானியல் கானமனும் ஏமொஸ் ட்வேர்ஸ்கியும் எழுதிவிட்டார்கள். பரிசுப் பெட்டியின் கதை இன்னும் பழையது. கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் பெற்றுப் பழகிய புறா, தானியம் நின்றதும் விரைவில் கொத்துவதை நிறுத்திவிடும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாமல் பெற்றுப் பழகிய புறாவோ வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். இது உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வுகளில் கண்டது. 2020இல் வந்த கென்ஷின் இம்பாக்ட் என்னும் விளையாட்டில், பாத்திரங்களைக் குலுக்கல் முறையில் பெற வேண்டும், அதை இழுப்பு என்பார்கள். மிக அரிய பாத்திரம் ஒரு முறை இழுக்கும்போது கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 வீதம், தொண்ணூறாவது இழுப்பில் அந்தத் தரத்தில் ஒன்று உறுதி. எண்பதாவதில் நிற்கும் பிள்ளையை "இன்றைக்குப் போதும், எழும்பு" என்று சொல்லி எழுப்புவது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

உப்புவெளி:

இவ்வளவு விளக்கம் எதற்கு? பரீட்சை முடியும்வரை கைப்பேசியை வாங்கிப் பூட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், பிறகு சரியாகிவிட்டான்.

நிலாவெளி ஆசிரியை:

உப்புவெளி அவர்களுக்குப் பலன் தந்தது எல்லா வீட்டிலும் பலன் தராது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது, படிப்புக்காகவென்று நாமே கடன்பட்டுக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தோம். இன்றும் தனியார் வகுப்புக் குறிப்புகள் வட்ஸ்அப்பில்தான் வருகின்றன. பூட்டி வைத்தால் பாடமும் சேர்ந்து பூட்டப்படும்.

பாடசாலையில் மாணவர் ஆலோசனைப் பொறுப்பிலும் இருப்பதால் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 'அடிமை' என்ற சொல்லை அவசரப்பட்டுப் பிள்ளையின் மேல் சூட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 ஜனவரி முதல் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதற்கு மூன்று அடையாளங்கள் வேண்டும்: ஆடுவதைத் தன்னால் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுத்தல், பாதிப்பு நேர்ந்த பின்னரும் தொடர்தல். அதனால் படிப்போ உறவோ உண்மையாகவே சிதைந்திருக்கவும், பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடித்திருக்கவும் வேண்டும். நீண்ட நேரம் ஆடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த எல்லைக்குள் வரமாட்டார்கள். உறக்கம் கெட்டு, உணவைத் தவிர்த்து, பாடசாலைக்கே போக மறுத்தால் தயங்காமல் மருத்துவரை நாடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைத்துப் பேசலாம்.

விளையாடும்போது மூளையில், நம்மை ஒன்றை நாடத் தூண்டும் டொபமின் என்னும் வேதிப்பொருள் சுரப்பது 1998இலேயே ஆய்வில் காட்டப்பட்டுவிட்டது. இன்றைய விளையாட்டுகள் வருமுன்பே அது நடந்தது என்பதைக் கவனியுங்கள். அதன் தூண்டுதல் பரிசு கிடைத்த பின்னரைவிட, கிடைக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பில்தான் கூர்மையாக இருக்கிறது. கடற்கரையில் உங்கள் மகன் முகத்தில் மகிழ்ச்சி இல்லாததற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. பாடசாலை விட்டதும் மூன்று மணிக்கு ஒரு வகுப்பு, ஐந்து மணிக்கு இன்னொன்று என்று போகும் பிள்ளை, ஏகாம்பரம் மைதானத்தில் பந்தடிக்க எந்த நேரத்தில் போகும்? இரவு ஒன்பது மணிக்குத் தோழர்கள் கூடும் ஒரே இடம் அந்தத் திரைதான்.

கோணேசபுரி மாணவன்:

ஆசிரியை சொன்ன கடைசி விடயத்தை நான் என் அனுபவத்தால் உறுதிப்படுத்துகிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருமலை வளாகத்தில் படிக்கிறேன். பதினாறு வயதில் இதே வகை விளையாட்டில் நாள்தோறும் ஐந்து மணிநேரம் இருந்தேன். நால்வர் கொண்ட அணியில் ஒருவன் நடுவில் எழுந்து போனால் மற்ற மூவரும் தோற்பார்கள். அப்பா வைஃபையை நிறுத்திய இரவுகளில் எனக்கு வந்த கோபம் விளையாட்டை இழந்ததற்காக அல்ல. மறுநாள் வகுப்பில் அந்த மூவரின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்பதற்காக. ஆகவே, ஐயா, "பத்து நிமிடத்தில் நிறுத்து" என்று சொல்லாதீர்கள். "இந்த ஆட்டத்தோடு நிறுத்து" என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

என்னை அதிலிருந்து பெயர்த்தது ஓர் உண்மை. புதிதாக வருபவரோடு மோதவிடும் எதிரிகளில் பலர் மனிதரே அல்லர், கணினி இயக்கும் பொம்மைகள். இதே வகை விளையாட்டான ஃபோர்ட்நைட் 2019இல் இதை வெளிப்படையாகவே அறிவித்தது. நான் ஆடியது வேறொன்று. ஆனால் அங்கும் இதே ஏற்பாடுதான் என்று அறிந்தபோது, என் முதல் வார வெற்றிகளெல்லாம் எனக்காக ஏற்பாடு செய்யப்பட்டவை என்பது புரிந்தது. என் திறமை என்று நம்பி வீட்டில் எல்லோருக்கும் காட்டிய வெற்றிகள் அவை. அதன்பின் பழைய ஈர்ப்பு திரும்பவில்லை. கதையோடு தொடங்கி முப்பது மணிநேரத்தில் முடிந்துவிடும் விளையாட்டுகள் இன்றும் வருகின்றன. அவற்றை நான் இப்போதும் விரும்பி ஆடுகிறேன்.

கொட்டியாரக் கரை:

தம்பி சொன்னது சரி. பெற்றோரை மட்டும் பொறுப்பாக்கிவிட்டு நகர்வதும் நியாயமல்ல என்பதால் இதையும் சேர்க்கிறேன். 2018இல் பெல்ஜியம், காசு கொடுத்து வாங்கும் பரிசுப் பெட்டிகளைச் சூதாட்டமாகவே கருதித் தடுத்தது. 2021இல் சீனா, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் இரவு எட்டு முதல் ஒன்பது மணிவரை மட்டுமே இணையத்தில் விளையாடலாம் என்று விதித்தது. பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு நள்ளிரவுத் தடை விதித்திருந்த தென்கொரியாவோ, பத்தாண்டுகளுக்குப் பின் அதை நீக்க முடிவெடுத்தது. ஆடும் நேரத்தைக் குறைக்கும் சட்டத்தைவிட, சிறுவருக்குக் குலுக்கல் முறையில் பொருள் விற்பதைத் தடுக்கும் சட்டமே நமக்குத் தேவை என்பது என் கருத்து.

பாலையூற்றுத் தந்தை:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு மகனோடு அமர்ந்து, புறாவின் கதையையும் பொம்மை எதிரிகளையும் பற்றிப் பேசினேன். பொம்மைகளை அவன் முன்பே அறிந்திருந்தான். புறாவைப் பற்றி இரண்டு முறை கேட்டான். அறிவிப்புகள் அனைத்தையும் இருவருமாக அணைத்தோம். இரவில் இரண்டு ஆட்டம், அதுவும் அணியோடு மட்டும் என்று ஒத்துக்கொண்டான். தொடரை என்ன செய்வது என்று கேட்டேன். இன்னும் ஐந்து நாளில் முப்பது நாள் நிறைந்துவிடும், அதுவரை மட்டும் உள்ளே போய் வருகிறேன் என்றான். முப்பது முடிந்ததும் புதிய தொடர் ஒன்று தொடங்குமா என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தொடங்கும்" என்றான்.