ஒரே பிட்ச், வேறு கேள்வி: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

ஆராய்ச்சி மாணவி:
புதுத் தொழில்களை வளர்த்துவிடும் பல்கலைக்கழக இன்குபேஷன் மையத்தில் பிட்ச் கொடுக்க, அதாவது என் தொழில் யோசனையை நடுவர்களிடம் விளக்க, போயிருந்தேன். எனக்கு முன்னால் போன பையனிடம், "அஞ்சு வருஷத்துல இதை எவ்வளவு பெரிசா கொண்டு போவீங்க?" என்று கேட்டார்கள். என்னிடம், "முதல் வருஷம் ஆர்டரே வரலைன்னா என்ன செய்வீங்க? போட்ட காசு போயிடாதா?" விண்ணப்பப் படிவம் ஒன்றுதான், மதிப்பெண் தாளும் ஒன்றுதான். கேள்வி மட்டும் ஆளைப் பார்த்து மாறியது. வெளியே வந்த பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது.

மையத்தில் வேலை செய்பவர்:
இது உங்கள் பிரமை இல்லை. நியூயார்க்கில் 2010 முதல் 2016 வரை நடந்த டெக்கிரஞ்ச் டிஸ்ரப்ட் என்ற ஸ்டார்ட்அப் பிட்ச் போட்டிகளின் வீடியோக்களை ஆய்வாளர் டானா கான்ஸே குழுவினர் அலசினார்கள். ஆண்களிடம் கேட்டவற்றில் 67 சதவீதம் வளர்ச்சி பற்றியவை. பெண்களிடம் கேட்டவற்றில் 66 சதவீதம் நஷ்டத்தைத் தவிர்ப்பது பற்றியவை. பெண் முதலீட்டாளர்களும் இப்படியேதான் கேட்டிருக்கிறார்கள்! அதனால் நடுவர் குழுவில் ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. எங்கள் மையத்தில் இப்போது கேள்விகளை முன்பே எழுதிவைத்து எல்லோரிடமும் அதே வரிசையில் கேட்கிறோம். "இதென்ன பரீட்சையா?" என்று ஒரு மூத்த நடுவர் முகம் சுளித்தார். பரீட்சைதானே சார்!

அப்புறம் ஒன்று. நஷ்டக் கேள்வி வந்தாலும் பதிலை வளர்ச்சிப் பக்கம் திருப்பியவர்களுக்கு அதிக நிதி கிடைத்ததாக அதே ஆய்வு சொல்கிறது. "ஆர்டர் வரலைன்னா?" என்றால், சந்தை எவ்வளவு பெரிது, அதில் எப்படி நுழையப் போகிறீர்கள் என்று ஆரம்பித்துவிடுங்கள். நடுவர்கள் திருந்தும்வரை இதுதான் வழி.

உதவிப் பேராசிரியை:
எனக்கு நடந்தது வேறு மாதிரி. என் கண்டுபிடிப்பை வைத்து ஸ்டார்ட்அப் தொடங்க விடுப்பு கேட்டேன். "இப்பதானே மகப்பேறு விடுப்பு முடிஞ்சு வந்தீங்க" என்றார்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? விதியில் அப்படி ஒரு வரி கிடையாது. மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள் என்றேன். சத்தமில்லாமல் அனுமதி வந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் என்ற ஆராய்ச்சி நிதிக்கு 2022 முதல் அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பாலின சமத்துவத் திட்டம் வைத்திருப்பது கட்டாயம். தலைமை கையெழுத்திட்டு அதை வெளியிட வேண்டும், ஆண்டுதோறும் ஆண், பெண் கணக்கும் காட்ட வேண்டும். எங்கள் கமிட்டியும் கணக்கு எடுக்கிறது, ஆசிரியர் எண்ணிக்கையை மட்டும். ஸ்டார்ட்அப் விடுப்பு யாருக்குக் கிடைத்தது, காப்புரிமையில் யார் பெயர் இருக்கிறது என்பதெல்லாம் அதில் வருவதில்லை. உங்கள் இடத்தில் யாராவது இதைப் பதிவு செய்கிறார்களா? படிவம் இருந்தால் இங்கே போடுங்கள், அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன்.