பழைய ஹார்டு டிஸ்க்கைக் காயலான் கடைக்குப் போடும் முன் எப்படி அழிப்பது?

தென்காசிக் கடைக்காரர்:
12 வருடமாக ஜெராக்ஸ் கடை. பழைய கம்ப்யூட்டரின் 500 ஜிபி டிஸ்க்கைப் போட்டுவிடலாம் என்று குவிக் ஃபார்மட் அடித்தேன். சும்மா பார்ப்போமே என்று அழிந்த ஃபைலை மீட்கும் ரெக்குவா சாஃப்ட்வேரில் ஆழமாகத் தேடச் சொன்னால் வயிறு கலங்கிவிட்டது. ஊரில் பாதிப் பேரின் ஆதாரும் ரேஷன் கார்டும் எழுந்து வருகின்றன! 35 தடவை அழிக்கணும் என்கிறான் கடைப் பையன். அதற்குக் கடையையே சாத்த வேண்டியதுதான். வேறு வழி உண்டா?

ரிப்பேர்க்காரன்:
அண்ணாச்சி, அந்த 35, கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் பீட்டர் கட்மன் 1996இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் காலத்து டிஸ்க் வகை அத்தனைக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. இப்போது அது தேவையில்லை என்று அவரே பிற்பாடு சொல்லிவிட்டார். உங்கள் டிஸ்க்குக்கு ஒரு தடவை முழுக்கப் பூஜ்யம் எழுதினால் போதும். குவிக் ஃபார்மட் பொருளடக்கத்தை மட்டும்தான் கிழிக்கும், பக்கங்கள் அப்படியே கிடக்கும்.

வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து 'டிஸ்க்பார்ட்', அப்புறம் 'லிஸ்ட் டிஸ்க்'. ஜிபி அளவைப் பார்த்துச் சரியான எண்ணை 'செலக்ட்' செய்து 'கிளீன் ஆல்' கொடுங்கள், அதுதான் முழுக்கப் பூஜ்யம் எழுதும். வெறும் 'கிளீன்' போதாது. எண்ணை இரண்டு தடவை பாருங்கள். எண் மாறித்தான் என் தங்கச்சி கல்யாண போட்டோ எல்லாம் போச்சு.

பழைய பலகை:
சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் கதையே வேறு. தேய்மானத்தைப் பரப்ப அது எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். நாம் எழுதும் பூஜ்யம் சிப்பின் எல்லா மூலைக்கும் போய்ச் சேராது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் பயோஸ் செட்டிங்கிலோ டிஸ்க் கம்பெனியின் டூலிலோ 'செக்யூர் எரேஸ்' என்று முழுக்க அழிக்கும் வசதி இருக்கும், அதைக் கொடுக்கணும். சுற்றவே மறுக்கும் டிஸ்க் என்றால் சுத்தியல்தான். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சாக்கைப் போட்டு மூடிவிட்டு அடியுங்கள்.

தென்காசிக் கடைக்காரர்:
நேற்று கடை சாத்தும்போது போட்டுவிட்டுப் போனேன். கர்சர் துடித்ததே தவிர, எவ்வளவு முடிந்தது என்று ஒன்றும் காட்டவில்லை. காலையில் முடிந்திருந்தது. மறுபடி ஃபார்மட் செய்து ரெக்குவாவை விட்டேன், ஒரு ஃபைல்கூட வரவில்லை. நன்றி தம்பி.

ரிப்பேர்க்காரன்:
நல்லது. அப்புறம் ஒன்று கேட்க விட்டுவிட்டேன். பெரிய ஜெராக்ஸ் மெஷின் எதையாவது எக்ஸ்சேஞ்சில் கொடுத்தீர்களா? பல மாடல்களுக்குள்ளும் ஒரு ஹார்டு டிஸ்க் உண்டு.

தென்காசிக் கடைக்காரர்:
போன தீபாவளிக்குத்தான் தம்பி ஒன்றைத் தள்ளிவிட்டேன்.