எடுத்த படம் அவர்களுக்கே பிடிக்கவில்லை, என்ன செய்வது?

தாழ்வாரம்:
ஊடகத் துறையில் கடைசி ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறையும் வீட்டு வேலை செய்யும் பெண்களின் சங்கமும் சேர்ந்து ஒன்பது நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். எடிட்டிங் என்னுடையது. போன வாரம் சங்கத்தில் போட்டுக் காட்டினேன். முடிந்ததும் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு அக்கா சொன்னார்: "வாரத்துல ஒரு நாள் சம்பளத்தோட லீவு வேணும்னு அரை மணி நேரம் பேசினேன். நீ நான் அழுததை மட்டும் வச்சிருக்கே."

உண்மைதான். வயலின் வேறு சேர்த்திருந்தேன். வகுப்பில் எல்லாரும் பாராட்டியது அந்த இடத்தைத்தான்.

மதிப்பீட்டுக்கு மூன்று வாரம் இருக்கிறது. இதையே கொடுத்துவிட்டு, சங்கத்துக்குத் தனியாக ஒன்று செய்து தரலாம் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கரைவலை:
ஒப்பாததே நல்லது. கனடாவின் ஃபோகோ தீவில் 1967இல் நடந்ததைப் பாருங்கள். மக்களை வேறு இடத்துக்குக் குடிபெயரச் சொல்லி அரசு நெருக்கிய காலம் அது. மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவும் தேசியத் திரைப்பட வாரியமும் அங்கே போயின. இயக்குநர் காலின் லோ எல்லாவற்றையும் ஒரே ஆவணப்படமாகக் கோக்கவில்லை. ஒருவர் பேச்சு, ஒரு விஷயம் என்று இருபதுக்கும் மேற்பட்ட சிறு படங்களாகவே விட்டார். பேசியவர் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் மற்றவர்களுக்குக் காட்டினார்கள். தீவுக்குள் ஊர் ஊராகத் திரையிட்டபோது, பக்கத்து ஊர்க்காரரும் தன் கவலையைத்தான் சொல்கிறார் என்று பலருக்குத் தெரிந்தது. மீன்வளத் துறை அமைச்சரின் பதிலையும் படம்பிடித்து வந்து காட்டினார்கள். மீனவர்கள் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள், தீவிலேயே இருந்தார்கள்.

படம்தான் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். அதற்கு முன்பே அங்கே ஒரு மக்கள் குழு வேலை செய்துகொண்டிருந்தது. உங்களுக்கும் சங்கம் இருக்கிறதே, அவர்களோடு உட்கார்ந்து வெட்டுங்கள். எந்தக் காட்சி ஏன் போனது என்று எழுதிவைத்து அதையும் மதிப்பீட்டுக்குக் கொடுங்கள். நான் ஆசிரியர். அந்தக் குறிப்பைத்தான் முதலில் படிப்பேன்.

விடியல்பேருந்து:
நான் கேமராவுக்கு அந்தப் பக்கம் இருந்தவள். சில வருடம் முன்பு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்து எங்கள் சங்கத்தில் பதினோரு பேரிடம் பேட்டி எடுத்தார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து பேசினோம். படம் எங்கெங்கோ திரையிடப்பட்டதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் கைக்கு ஒரு பிரதிகூட வரவில்லை.

அதனால் கேட்கிறேன்: நீங்கள் எடுத்தது முழுவதும் யாருடைய ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது? சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுத்தீர்களா? இன்னொருவருக்குக் காட்ட வேண்டுமென்றால் யாரைக் கேட்பீர்கள்? இதைப் பேசாமல் எடிட்டிங்கைத் திறக்காதீர்கள்.

தாழ்வாரம்:
ஹார்ட் டிஸ்க் என் அறையில்தான் இருந்தது. நேற்று முழுப் பிரதியைச் சங்கத்தில் கொடுத்தேன்.

அப்படியே அந்த அக்காவும் இன்னும் நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். முதலில் வயலினை எடுக்கச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எடுக்கச் சொன்னது ஒரு வாசல் காட்சியை. நாலு விநாடிதான். அந்தக் கதவைப் பார்த்தால் எந்த வீடு என்று தெரிந்துவிடும், அங்கே வேலை பார்ப்பவரை நிறுத்திவிடுவார்கள் என்றார்கள். எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்தும் எனக்கு அது தோன்றவே இல்லை.

வாசல் போய்விட்டது. அக்காவின் லீவுப் பேச்சு முதலில் வருகிறது, வெட்டாமல் ஆறு நிமிடம். வியாழக்கிழமை மறுபடி உட்காருகிறோம்.