புனுவல் படங்களில் கேலி எங்கே இருக்கிறது?

தெருமுனை:
ஸ்பானிய இயக்குநர் லூயிஸ் புனுவலின் 'தி டிஸ்க்ரீட் சார்ம் ஆஃப் தி பூர்ஷ்வாஸி' (1972) நேற்று ராத்திரி பார்த்தேன். ஆறு பேர் சேர்ந்து சாப்பிட உட்காருகிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது வந்து கெடுத்துவிடுகிறது. படம் பிடித்திருந்தது. ஆனால் மேல்நடுத்தர வர்க்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட படம் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிபடவில்லை. யாரும் யாரையும் திட்டுவதில்லை, பெரிய வசனம் ஏதும் இல்லை. பின்பாதியில் கனவுக்குள் கனவு வந்ததும் குழம்பிப்போனேன். எதைக் கவனித்தால் அந்தக் கேலி புரியும்?

நிழற்பாதை:
யாருடைய கனவு என்று கணக்குப் போட வேண்டாம். கர்னல் வீட்டு விருந்து நினைவிருக்கிறதா? தட்டில் வைத்த கோழி பொம்மைக்கோழி. திடீரென்று ஒரு பக்கம் திரை விலகுகிறது, எதிரே அரங்கு நிறைய ஆட்கள். இவர்கள் உட்கார்ந்திருப்பது மேடையில். தனக்கு வசனம் தெரியாது என்று ஒருவருக்கு வியர்க்கிறது. அவர்களுடைய விருந்தே ஒரு நாடகம்தான் என்று இதைவிட நேராக எப்படிச் சொல்வது?

வேம்படி:
தெருமுனை, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். பரிமாறுகிறவர்களைப் பாருங்கள்.

நான் ஹோட்டலில் பேங்க்வெட் (பெரிய விருந்துகள்) பிரிவில் வேலை பார்ப்பவன். ட்ரேயை ஏந்திக்கொண்டு விருந்தாளியின் தோளருகே போய் நின்றால் பேச்சு நிற்காது. கை மட்டும் நீண்டு வந்து எடுத்துக்கொள்ளும், முகம் திரும்பாது. புனுவலுக்கு அந்தக் கையை நன்றாகத் தெரியும்.

டிரை மார்ட்டினி (ஜின் கலந்த ஒரு மதுபானம்) காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். அந்த ஆறு பேரில் ஒருவரான தெவனோ அதை எப்படிக் கலக்க வேண்டும், எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும் என்று பாடமே நடத்துகிறார். பிறகு டிரைவர் மொரீஸை உள்ளே கூப்பிட்டு ஒரு கிளாஸ் நீட்டுகிறார்கள். மனுஷன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, போகச் சொன்னதும் போய்விடுகிறார். எப்படிக் குடிக்கக் கூடாது என்று காட்டத்தான் அவரைக் கூப்பிட்டதே. பாவம், படிக்காதவர் என்று தெவனோவின் மனைவி பரிவோடு சொல்கிறார். எந்த ஆட்சி வந்தாலும் பாமர ஜனங்களுக்கு நயம் வராது என்கிற மாதிரி அந்தக் கூட்டத்தில் இருக்கும் வெளிநாட்டுத் தூதர் சொல்லிவிட்டு, தான் ஒன்றும் பிற்போக்குவாதி இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். யார் இந்தத் தூதர்? தூதரகப் பையில் கொக்கெயின் கொண்டுவந்து விற்பவர். அங்கே உட்கார்ந்திருக்கும் மற்ற ஆண்களும் அதில் கூட்டு. யாருடைய குரலும் உயரவில்லை. புனுவல் கேமராவை மொரீஸின் முகத்தருகே கொண்டுபோய் நம்மை அழவைக்கவும் இல்லை, சோக இசையும் போடவில்லை. அவர்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள், புனுவலும் மரியாதையாகவே காட்டுகிறார். கேலி அங்கேதான் இருக்கிறது.

பிஷப்பும் அப்படித்தான். தோட்டக்காரன் உடையில் வந்து நான் பிஷப் என்கிறார், விரட்டிவிடுகிறார்கள். அங்கியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்ததும் வணங்கி வரவேற்கிறார்கள். ஆள் ஒன்றுதான்.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் பத்து வருஷம் பின்னால் போய், மெக்ஸிகோவில் எடுத்த 'தி எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' (1962) பாருங்கள். ஆபெரா (இசைநாடகம்) முடிந்து விருந்தாளிகள் மாளிகைக்கு வருகிறார்கள். அதே நேரத்தில் சமையல்காரர், வேலைக்காரிகள் எல்லோரும் ஏதேதோ சாக்குச் சொல்லிக் கிளம்புகிறார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. பரிமாற வருபவர் தடுக்கி விழுந்து தட்டு முழுக்கத் தரையில் கொட்டுகிறது. விருந்தாளிகள் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்கிறார்கள். (என் தொழிலில் இருப்பவனுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைக்கும்.) விருந்து முடிந்தபின் யாராலும் அந்த ஹாலை விட்டு வெளியேற முடிவதில்லை. கதவு பூட்டவில்லை, தடுக்க ஆளில்லை. நாள் போகப் போக சுவரை உடைத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள், அலமாரி கழிப்பறையாகிறது, வழிதவறி வந்த ஆட்டை அடித்து ஹாலிலேயே தீ மூட்டிச் சாப்பிடுகிறார்கள். ஊழியர்களில் மேற்பார்வையாளர் ஒருவர் மட்டும் உள்ளே மாட்டிக்கொள்கிறார். மற்றவர்கள் முன்பே போய்விட்டார்கள். பரிமாற ஆள் இல்லாவிட்டால் இந்த நாகரிகம் எத்தனை நாள் தாங்கும்? அந்தப் படம் முழுக்க எனக்கு இந்த ஒரு கேள்விதான்.

தெருமுனை:
நன்றி வேம்படி. நீங்கள் சொன்னபிறகு அந்த இளம் பணிப்பெண்ணின் காட்சி ஞாபகம் வருகிறது. நிச்சயித்தவன் விட்டுப் போய்விட்டான், வயதாகிவிட்டதாம் என்கிறாள். எத்தனை வயது என்றால் 52 என்கிறாள். பார்த்தால் சின்னப் பெண். யாருமே ஆச்சரியப்படவில்லை, பேச்சு அப்படியே சாப்பாட்டுக்குப் போய்விடுகிறது. நானும் அதை அசட்டை செய்துவிட்டுத் தாண்டிப் போனேன்.

கடலோடி:
வேம்படி சொல்வதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. புனுவல் ஏழைகளின் வக்கீல் என்று நினைத்துக்கொண்டு 'விரிதியானா' (1961) பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். வீட்டுக்காரர்கள் இல்லாத நேரத்தில் பிச்சைக்காரர்கள் உள்ளே புகுந்து விருந்து வைக்கிறார்கள், பாத்திரத்தை உடைக்கிறார்கள், கடைசியில் தங்களுக்கு அடைக்கலம் தந்த பெண்ணிடமே அத்துமீறப் பார்க்கிறார்கள். புனுவல் யாரையும் விட்டுவைக்கவில்லை.

வேம்படி:
வக்கீல் என்று நான் சொல்லவே இல்லை, கடலோடி. ஏழையைப் புனிதராக்கி வைத்தால் பணக்காரருக்குத் தர்மம் செய்து புண்ணியம் தேடிக்கொள்ள வசதியாகப் போய்விடும். விரிதியானா அந்தப் புண்ணியத்தைத் தேடித்தான் அவர்களைக் கூட்டி வருகிறாள். அவர்கள் பசியும் வெறியும் உள்ள மனுஷர்கள். அவர்களை அப்படியே காட்டியதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. புனுவல் வெளியே நின்று கல் எறியவில்லை. அவருடைய அப்பா கியூபாவில் வியாபாரம் செய்து பணக்காரராக ஸ்பெயினுக்குத் திரும்பியவர். பிள்ளையை ஜெசுயிட் (கத்தோலிக்கத் துறவிகள் நடத்தும்) பள்ளியில் படிக்கவைத்தார். டிரை மார்ட்டினி புனுவலுக்கே உயிர். 1982-இல் வந்த சுயசரிதையில் அதைக் கலக்கும் முறையை ரசித்து ரசித்து எழுதியிருக்கிறார். தெவனோ நடத்தும் பாடம் அவருடைய சொந்த மேசையிலிருந்து வந்தது. அதனால்தான் அந்தக் காட்சியில் வெறுப்பு தெரிவதில்லை, அதனால்தான் அவ்வளவு ஆழமாக வெட்டுகிறது.

தெருமுனை, அடுத்து 'லாஜ் தோர்' (1930) பாருங்கள், ஒரு மணி நேரம்தான் ஓடும். பிரபுக்கள் வீட்டு விருந்தில் சமையலறையிலிருந்து தீ கிளம்புகிறது, வேலைக்காரி வெளியே வந்து விழுகிறாள், விருந்தாளிகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கூலியாட்கள் ஏறிய வண்டி வரவேற்பறைக்குள்ளேயே போகிறது, அதையும் யாரும் கவனிப்பதில்லை. படத்துக்குப் பணம் கொடுத்தவர் சார்ல் த நொவாய் என்ற நிஜப் பிரபு. பாரிஸில் வலதுசாரிக் கும்பல் தியேட்டருக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது, சில நாளில் போலீஸ் தடை போட்டது. பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.