புதுப்பிப்பு: அம்மாவின் கால்சியம் இறங்கிவிட்டது

அம்மாவுக்கு இரத்தத்தில் கால்சியம் கூடுதல், சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வருகிறது, பாராதைராய்டு அறுவை சிகிச்சைக்குத் துணியலாமா என்று சுங்கை சிப்புட்டிலிருந்து முன்பு கேட்டிருந்தேன். ஈப்போவில் நல்லபடியாக முடிந்தது.

இரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனைச் சுரக்கும் இந்தப் பாராதைராய்டு சுரப்பிகள் கழுத்தில் பொதுவாக நான்கு. பெரும்பாலும் ஒன்றில்தான் கட்டி வந்து ஹார்மோனை மிகையாகச் சுரக்கும். செஸ்டாமிபி ஸ்கேனும் (சிறிதளவு கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் படம்) அல்ட்ராசவுண்டும் ஒரே சுரப்பியைக் காட்டியதால் சிறு வெட்டே போதுமாயிற்று. என்னை வியக்கவைத்தது அடுத்த கட்டம்தான்: அந்த ஹார்மோன் இரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். எனவே கட்டியை எடுத்து 10 நிமிடம் கழித்து இரத்தம் சோதித்து, அளவு பாதிக்குமேல் குறைந்ததை உறுதிசெய்த பிறகே தைத்தார்கள்.

குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுவதால் பயந்தேன். வீண் பயம், பக்கத்து லயத்து அத்தையோடு வேலியோரப் பேச்சு தொடங்கிவிட்டது! விரல்நுனி மரத்துப்போனால் கால்சியம் மிகவும் இறங்கியிருக்கலாம், உடனே வாருங்கள் என்று சொல்லி, கால்சியம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

பால் குடித்ததால் வந்த வினை என்று முன்பு பதில் எழுதிய அண்ணனுக்கு: அது அந்த ஹார்மோனால் எலும்பிலிருந்து உருவப்பட்ட கால்சியம், ஐயா.