கொள்ளுத்தாத்தாவின் நாட்டில் பட்டப்படிப்பு: தமிழ் இளங்கலைக்குச் சென்னை செல்லலாமா?

சுங்கை சிப்புட் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முன் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்துவிட்டுத் தமிழ் இளங்கலை படிக்கத் தமிழ்நாட்டுக்குச் செல்ல எண்ணியிருக்கிறேன். என் கொள்ளுத்தாத்தா சேலத்துப் பக்கத்திலிருந்து கங்காணியோடு கப்பலேறி வந்து பேராக்கில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். அதன்பின் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அந்த ஊரை எட்டிப் பார்த்ததில்லை. திரும்பி வந்து தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்பது என் விருப்பம். "நம்ம ஊர்தானே, என்ன பயம்?" என்கிறார் பாட்டி. "அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்கிறார் அப்பா. சென்று படித்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சென்னையில் படித்தவள்:

தங்கைக்கு வணக்கம். எஸ்.டி.பி.எம். எழுதியது நல்லதாயிற்று. அதற்கு முந்தைய எஸ்.பி.எம். தேர்வு பதினோராண்டுக் கல்விதான் என்பதால், பன்னிரண்டாண்டுப் பள்ளிப்படிப்பைக் கேட்கும் இந்தியப் பல்கலைக்கழகங்களில் அதை மட்டும் வைத்து இளங்கலையில் சேர இயலாது.

பாட்டியின் "நம்ம ஊர்" விமான நிலையத்தின் குடிநுழைவு வரிசையிலேயே முடிந்துவிடும்; அங்கே நீங்கள் வெளிநாட்டவர். விசா 180 நாளுக்கு மேற்பட்டதானால், இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு இப்போது இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பெயரில் மிகவும் கவனமாக இருங்கள். நம் கடவுச்சீட்டில் நம் பெயருக்கும் தகப்பனார் பெயருக்கும் நடுவே 'மகள்' என்ற பொருளில் நிற்கும் "ஏ/பி" என்ற மலாய்ச் சுருக்கத்தை என் கல்லூரி அலுவலகத்தில் குடும்பப்பெயர் என்று எண்ணி, முதலாண்டு மதிப்பெண் பட்டியலில் என்னைத் "திருமதி ஏபி" ஆக்கிவிட்டார்கள். திருமணமும் ஆகவில்லை, ஏபி என்று எவரையும் எனக்குத் தெரியவும் தெரியாது! அதைத் திருத்த ஏழு மாதம் அலைந்தேன்.

பேச்சிலும் தடுமாற்றம் இருக்கும். விடுதியில் முதல் நாள் "ஒரு மங்கு கிடைக்குமா?" என்று கேட்டேன்; சமையற்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கிண்ணமா பாப்பா? நீ சிலோனா?" என்றார். மங்கு மலாய்ச் சொல் என்பது அன்றுதான் எனக்கே உறைத்தது. ஆனால் "பசியாறிவிட்டீர்களா?" என்று நான் கேட்பதை அந்த அம்மாவே ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டார்.

கிள்ளான் ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மகளே, உங்கள் ஆர்வத்தைக் குறைக்க எழுதவில்லை. ஆனால் நோக்கம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலை என்றால், தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமோ ஆசிரியர் கல்விக் கழகமோதான் நேர்வழி. வெறும் இளங்கலைப் பட்டத்துடன் இந்தியாவிலிருந்து திரும்பினால், ஆசிரியர் பயிற்சிக்குத் தனியாக வழி தேட வேண்டியிருக்கும். அரசாங்க வேலைக்கு அந்தப் பட்டத்தைப் பொதுச் சேவைத் துறை, அதாவது ஜே.பி.ஏ., ஏற்கிறதா என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கட்டிய பிறகு பார்ப்பவர்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். உயர்கல்விக்கு அரசாங்கம் தரும் பிடிபிடிஎன் கடன் உள்நாட்டுக் கல்விக்கு மட்டுமே. இந்தியக் கலாச்சார உறவுகள் மன்றத்தின் உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு மாதப்படியும் வரும் என்பதால், தூதரக அறிவிப்பைத் தவறவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், இளங்கலையை இங்கே முடித்துவிட்டு முதுகலைக்குப் போங்கள் என்பேன். ஓலைச்சுவடியும் கல்வெட்டும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் தனித் துறைகளாகவே இருக்கின்றன. 1981இல் தமிழுக்கென்றே எழுந்த பல்கலைக்கழகம் அது. அந்தப் படிப்புக்கு அங்கே போவதில் பொருள் இருக்கிறது.

தகரப்பெட்டி:

இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. இந்தியச் சட்டம் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் வரை இடம் தருகிறது. அட்டை இருந்தால் மாணவர் விசாவும் 14 நாள் பதிவும் தேவையில்லை. ஆனால் ஆய்வுப் படிப்புக்குத் தனி அனுமதி பெற வேண்டும். கட்டணம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உரியதாகிவிடும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். நீட் போன்ற அகில இந்திய நுழைவுத் தேர்வுகளின் வழி வரும் சேர்க்கையில், ஓசிஐ மாணவர்கள் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஐ இடங்களுக்கோ கூடுதலாக உருவாக்கும் இடங்களுக்கோ மட்டுமே உரியவர்கள் என்று 2021 மார்ச் மாத அறிவிக்கை சொல்கிறது. மற்ற படிப்புகளுக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தையே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

சட்டத்தைவிடக் கடினமானது சான்று. கொள்ளுத்தாத்தா இந்தியாவில் பிறந்தவர் என்பதற்கும், அவரிலிருந்து உங்கள் வரை தலைமுறை தலைமுறையாகத் தொடர்பு உண்டு என்பதற்கும் தாள் வேண்டும். எங்கள் வீட்டில் அத்தையின் தகரப்பெட்டிக்குள், நகைக்கடை ரசீதுகளுக்கு அடியில், பிரிட்டிஷ் இந்தியக் கடவுச்சீட்டு ஒன்று கிடைத்தது. அதில் "முனுசாமி", என் தாத்தாவின் பிறப்புப் பத்திரத்திலோ அவருடைய தகப்பனார் "முனியசாமி". இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எடுத்து மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டிலும் பெட்டிகளைத் திறந்து பாருங்கள்.

சுங்கை சிப்புட் மாணவி:

மூவருக்கும் நன்றி. ஜே.பி.ஏ. விவரத்தை அப்பாவிடம் காட்டினேன். தஞ்சோங் மாலிமுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டார். பாட்டியிடம் பழைய தாள்களைக் கேட்டேன். கப்பல் சீட்டு ஒன்று சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்ததாகவும், வீடு மாறியபோது படத்தோடு போய்விட்டதாகவும் சொன்னார். படம் இப்போது ஈப்போவில் சின்னம்மா வீட்டில் இருக்கிறதாம், சனிக்கிழமை போகிறோம்.